கடன் வாங்கிக் கடல் தாண்டியவர்கள்

பழைய கப்பல் பட்டியல்களில் ஒரு குடும்பம் நாலைந்து வரிக்குள் அடங்கிவிடும். அப்பா பெயர், வயது, தொழில், புறப்பட்ட ஊர். அதற்குக் கீழே அம்மா. அப்புறம் பிள்ளைகள், மூத்ததிலிருந்து கைக்குழந்தை வரை. ஏன் கிளம்பினார்கள், யாரிடம் காசு வாங்கினார்கள், இறங்கிய இடத்தில் யாருடைய மண்ணில் வீடு கட்டினார்கள் என்பதெல்லாம் அந்த வரிகளில் இருக்காது.

1816-க்கும் 1914-க்கும் இடையில் அமெரிக்காவுக்கு மட்டும் ஏறத்தாழ 55 லட்சம் ஜெர்மானியர்கள் போனார்கள். அந்தப் பெருங்கூட்டத்தை இங்கே தொடப்போவதில்லை. 1838-இல் அதற்கு நேர் எதிர்த் திசையில், தெற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போன, சில நூறு பேர் கொண்ட விவசாயக் குடும்பங்கள்தான் இங்கே விஷயம். கூட்டம் சிறியது என்பதால் ஒவ்வொரு முடிச்சும் கண்ணுக்குத் தெரிகிறது. இவர்கள் கதையைப் பொதுவாக மதத்துக்காக நாடு துறந்தவர்களின் கதையாகத்தான் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஊரை விட்டுக் கிளப்பியது விசுவாசம். எந்த நாட்டுக்குப் போவது, எந்த மண்ணில் உட்காருவது, காலையில் எழுந்து என்ன வேலைக்குப் போவது என்பதையெல்லாம் முடிவு செய்தது கடன்.

ராஜாவின் ஜெபப் புத்தகம்

இந்தக் குடும்பங்கள் பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசின் குடிகள். அதன் ராஜா மூன்றாம் பிரீட்ரிக் வில்ஹெல்ம் சீர்திருத்த சபைக்காரர், அதாவது கால்வின் வழி. அவருடைய ராணி லூயிஸா லுத்தரன், அதாவது மார்ட்டின் லூத்தர் வழி. இரண்டும் புராட்டஸ்டன்ட் கிளைகள்தான். கணவனும் மனைவியும் ஒரே பீடத்தில் மண்டியிட்டுத் திருவிருந்து வாங்க முடியாது. இந்த வீட்டுக் குறை அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ராணி இறந்து ஏழு வருடம் கழித்து, 1817-இல், லூத்தரின் சீர்திருத்தத்துக்கு 300 வருடம் நிறைந்தபோது, இரண்டு சபைகளையும் ஒன்றாக்கப்போவதாக ராஜா அறிவித்தார். பிறகு தானே முன்னின்று ஒரு புது வழிபாட்டு நூலையும் தயாரித்தார்.

சிக்கல் திருவிருந்தின் அப்பத்திலும் திராட்சரசத்திலும் வந்தது. கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் அவற்றில் மெய்யாகவே இருக்கின்றன என்பது லுத்தரன் நம்பிக்கை. கால்வின் வழியினர் அதை அப்படி ஏற்பதில்லை. ராஜாவின் நூல் இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்தப் பார்த்தது. அப்பத்தைக் கொடுக்கும் போதகர், ‘இது என் சரீரம் என்று கிறிஸ்து சொல்கிறார்’ என்று மட்டும் சொன்னால் போதும், கேட்பவர் தன் மனதுக்குப் பட்டபடி எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. ஒரு அதிகாரிக்கு இது சாமர்த்தியமான வாசகமாகத் தெரிந்திருக்கும். பழைய வழியைப் பிடித்திருந்த விவசாயிக்கு, தாத்தா காலத்திலிருந்து பீடத்தில் சொல்லிவந்த சத்தியத்தை அரசாங்கம் வழுக்கலான பேச்சாக மாற்றிவிட்டது என்று பட்டது.

1830-இலிருந்து அரசு கெடுபிடியைக் கூட்டியது. புது நூலை ஏற்காத போதகர்கள் வேலையை இழந்தார்கள், சிறைக்குப் போனார்கள். 1834 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், பிரஷ்யாவின் சைலீசியா மாகாணத்தில் ஹோனிகெர்ன் என்ற கிராமத்தில், கோயிலைத் திறக்க மறுத்துக் காவல் நின்ற ஜனங்களை ராணுவம் வந்து விரட்டியது. பல ஊர்களில் வழிபாடு களஞ்சியத்துக்கும் காட்டுக்கும் இடம் மாறியது. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கக்கூட, தேடப்படும் போதகர் ஒருவர் இரவில் ஒளிந்து வரவேண்டியிருந்தது. பிடிபட்டால் அபராதம். கட்டாவிட்டால் வீட்டுச் சாமானையோ தொழுவத்து மாட்டையோ ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். தத்துவச் சண்டையாகத் தொடங்கியது பால் மாட்டில் வந்து நின்றபோதுதான் பல குடும்பங்கள் வெளியூர்ப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தன.

கைதேர்ந்த ஒரு பக்திமான்

பிரஷ்யாவின் இன்னொரு மாகாணமான பிராண்டன்பர்க்கின் கிழக்கு ஓரத்தில், ஸூலிஷாவ் நகரத்துக்குப் பக்கத்தில் கிளெம்சிக் என்றொரு கிராமம். அங்கே போதகராக இருந்த அகஸ்ட் காவெல் புது வழிபாட்டை உதறிவிட்டு, 1836-இல் தன் ஜனங்களுக்கு வேறு நாடு தேடிக் கிளம்பினார். ஹாம்பர்க் போனார். அங்கே விசாரித்ததில் லண்டனுக்குப் போகச் சொல்லி வழி கிடைத்தது. லண்டனில் அவர் சந்தித்தவர் ஜார்ஜ் ஃபைஃப் ஆங்கஸ்.

ஆங்கஸ் கப்பல் தொழிலில் வளர்ந்த வணிகர், தெற்கு ஆஸ்திரேலியக் கம்பெனியின் தலைவர், கூடவே பாப்டிஸ்ட். இங்கிலாந்தின் அரசுச் சபைக்கு வெளியே நின்றதால், மதக் காரணத்துக்காக ஒதுக்கப்படும் வலி அவருக்குப் புரியும். அப்போது தெற்கு ஆஸ்திரேலியா 1836-இல் தொடங்கிய புதுக் குடியேற்றம். கைதிகளைக் கொண்டுவந்து இறக்காத குடியேற்றம், எந்தச் சபைக்கும் தனிச் சலுகை கிடையாது என்று சொல்லிக்கொண்ட இடம். அதன் கணக்கு எளிமையானது: நிலத்தை விற்று, அந்தப் பணத்தில் இங்கிலாந்திலிருந்து தொழிலாளிகளை இலவசமாகக் கப்பலேற்றுவது. நிலம் வாங்கியவனுக்கு ஆள் கிடைக்கும், ஆளுக்கு வேலை கிடைக்கும். பிரஷ்ய விவசாயி அந்நியன் என்பதால் இந்த இலவசப் பயணம் அவனுக்குப் பொருந்தவில்லை. கம்பெனியும் கைவிரித்தது. கடைசியில் ஆங்கஸ் தன் சொந்தப் பணத்தை எடுத்தார். மொத்தத்தில் ஏறத்தாழ 8,000 பவுண்டு. தானமாக அல்ல, கடனாக.

இதை வைத்து ஆங்கஸை வேஷக்காரர் என்று சொல்லிவிட முடியாது. அவர் பக்தி உண்மையானது என்றே தோன்றுகிறது. அதே சமயம், குடிக்காத, சோம்பாத, குடும்பம் குடும்பமாக வருகிற, கூலிக்குப் பேரம் பேசத் தெரியாத இரண்டு மூன்று நூறு விவசாயிகள் ஒரு புதுக் குடியேற்றத்துக்கு எவ்வளவு லாபம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டும் ஒரே மனிதருக்குள் சண்டையில்லாமல் குடியிருந்தன.

பணம் தயாரானாலும் பயணம் தயாராகவில்லை. பிரஷ்யாவை விட்டு வெளியேற அரசின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அனுமதி சீக்கிரம் வந்துவிடும் என்று நம்பிப் பல குடும்பங்கள் வீட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டன. அனுமதி வரவில்லை. மதத்துக்காக மக்கள் ஓடுகிறார்கள் என்று வெளியே தெரிவது எந்த ராஜாவுக்குத்தான் பிடிக்கும்? ஆங்கஸின் தலைமைக் குமாஸ்தா சார்ல்ஸ் ஃப்ளாக்ஸ்மன் பிரஷ்யாவுக்கே போய் அதிகாரிகளோடு பேசிப் பார்த்தார். ஏறத்தாழ இரண்டு வருடம் இழுத்தது. நிலத்தை விற்ற காசு கையிலிருந்து கரைய, புது ஊரும் இல்லாமல் பழைய ஊரும் இல்லாமல் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு வருடத்தைப் பற்றி ஊர்வலங்களிலும் நினைவுக்கல்களிலும் அதிகம் பேச்சு கிடையாது. கடன் தேவை பெருத்தது அந்த நாட்களில்தான் என்று நினைக்கிறேன்.

ஆறு, அப்புறம் கடல்

1838 ஜூனில் முதல் கூட்டம் கிளம்பியது. ரயில் இல்லை. ஓடர் ஆற்றங்கரையில் சிஷெர்ட்சிக் என்ற துறையில் படகுகளில் ஏறினார்கள். ஓடரிலிருந்து கால்வாய் வழியாக ஸ்ப்ரீ ஆறு, அதிலிருந்து ஹாவெல், ஹாவெலிலிருந்து எல்பே, எல்பேயின் கடைசியில் ஹாம்பர்க். பெர்லினையும் பாட்ஸ்டாமையும் தாண்டித்தான் போகவேண்டும். யாருடைய ஜெபப் புத்தகத்தால் ஊரைக் காலி செய்தார்களோ அந்த ராஜாவின் தலைநகரத்துக்கு ஊடாகவே, படகில் உட்கார்ந்து பழைய லுத்தரன் பாட்டுகளைப் பாடிக்கொண்டு போனார்கள்.

‘பிரின்ஸ் ஜார்ஜ்’, ‘பெங்காலி’ என்ற இரண்டு கப்பல்கள் ஜூலையில் முதல் கூட்டத்தை ஏற்றிக்கொண்டன. காவெல் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தில் ‘பிரின்ஸ் ஜார்ஜ்’ கப்பலில் ஏறிக்கொண்டார். அடுத்து வந்த கூட்டத்தைத்தான் நாம் பின்தொடரப்போகிறோம். அவர்களுக்குக் கிடைத்த கப்பலின் பெயர் ‘ஸெப்ரா’, வரிக்குதிரை. ஹாம்பர்க்கை ஒட்டியிருந்த ஆல்டோனாவிலிருந்து 1838 ஆகஸ்ட் 12 அன்று அது புறப்பட்டது. ஆல்டோனா அப்போது ஜெர்மன் மொழி பேசினாலும் டென்மார்க் ராஜாவின் ஆளுகையில் இருந்த ஊர். நம் தரங்கம்பாடிக்கும் அந்த வருடம் அதே ராஜாதான். ‘ஸெப்ரா’வின் கேப்டன் டிர்க் மைனெர்ட்ஸ் ஹான் வடகடலில் உள்ள ஸில்ட் தீவுக்காரர். ஸில்ட் தலைமுறை தலைமுறையாக மாலுமிகளையும் கேப்டன்களையும் பெற்ற தீவு, அதுவும் அப்போது டென்மார்க் ராஜாவின் ஆட்சியில்தான்.

சரக்குக் கப்பல்தான், மனிதர்களுக்காகத் தட்டி ஒட்டியிருப்பார்கள். மேல்தளத்துக்கும் சரக்கறைக்கும் நடுவிலுள்ள தளத்தில் பலகை அடித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கை. உயரமானவர் நிமிர்ந்து நிற்க முடியாது. ஒரு குடும்பத்துக்கு இரண்டு மூன்று பலகை. குழந்தைகள் அம்மா அப்பா காலடியில். நடுவில் மரப்பெட்டிகள்: உடுப்பு, வேதாகமம், பாட்டுப் புத்தகம், கோடாலி, நூற்கும் ராட்டை, விதைப் பொட்டலம். வெளிச்சமும் காற்றும் மேலே உள்ள திறப்பு வழியாகத்தான் வரும். அலை பெருத்தால் அதையும் மூடிவிடுவார்கள். அப்போது கீழே இருட்டில் இருநூறு பேர் வாந்தியும் ஜெபமுமாகக் கிடக்கவேண்டும்.

சாப்பாடு கெட்டியான கப்பல் ரொட்டி, உப்பிட்ட மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, உலர்ந்த பட்டாணி, பார்லிக் கஞ்சி. மரப்பீப்பாயில் அடைத்த தண்ணீர் வெப்ப மண்டலத்தைத் தாண்டும்போது பச்சை பூத்து நாறும். கேட்பாரே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1832-இல் பிரெமென் நகரம் ஒரு சட்டம் போட்டது: குடியேறிகளை ஏற்றும் கப்பல் 90 நாளுக்கு உணவு எடுத்துச் செல்லவேண்டும், பயணிகள் பட்டியல் ஒப்படைக்கவேண்டும். 1837-இல் ஹாம்பர்க்கும் அதே வழிக்கு வந்தது. பரிவு மட்டும் காரணமல்ல. நல்ல பெயர் வாங்கினால் அடுத்த ஆயிரம் பேரும் நம் துறைமுகத்துக்கே வருவார்கள் என்ற வியாபாரக் கணக்கும் இருந்தது. ஆனால் 90 நாள் என்பது அமெரிக்கப் பயணத்துக்குப் போட்ட கணக்கு. ஆஸ்திரேலியா அதைவிட ரொம்ப தூரம். அட்லாண்டிக்கில் தெற்கே இறங்கி, பிரேசில் பக்கமாகச் சாய்ந்து, நன்னம்பிக்கை முனைக்குக் கீழே மேற்குக் காற்று ஓயாமல் அடிக்கும் குளிர்கடலைப் பிடித்துக் கிழக்கே போகவேண்டும்.

‘ஸெப்ரா’வில் ஏறத்தாழ 200 பயணிகள். தினமும் காலையிலும் மாலையிலும் வழிபாடு. இந்தக் கூட்டத்தைப் பற்றிக் கேப்டன் ஹான் பின்னால் எழுதிவைத்த குறிப்புகள் கிடைத்திருக்கின்றன. தொடக்கத்தில் அவருக்கு இவர்கள்மேல் பெரிய மதிப்பு இல்லை. பிடிவாதக்கார மதவெறிக் கூட்டம் என்ற எண்ணத்தோடுதான் ஏற்றிக்கொண்டார். நாலரை மாதத்தில் அது மாறியது. சண்டை இல்லை, குடி இல்லை, சொன்ன வேலையைச் செய்தார்கள், செத்தவர்களைப் பாட்டுப் பாடி கடலில் இறக்கினார்கள். வழியில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கால அளவில் இதை மோசமான கணக்கு என்று சொல்லமாட்டார்கள். மூன்று வருடம் கழித்து, 1841-இல், இவர்களைப் போலவே கிளம்பிய இன்னொரு லுத்தரன் போதகர் ஃப்ரிட்ஷேயின் கூட்டத்தை ஏற்றி வந்த ‘ஷோல்ட்’ கப்பலில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கேப்டன் செய்த பேரம்

1838 டிசம்பர் 28 அன்று ‘ஸெப்ரா’ ஆஸ்திரேலியக் கரை சேர்ந்தது. ஜனவரி தொடக்கத்தில் ஜனங்களை இறக்கியது. போர்ட் அடிலெய்டு என்று பெயர்தான் துறைமுகம். சேறும் சதுப்பு மரமும் கொசுவும் நிறைந்த உப்பங்கழி அது. வெள்ளைக்காரர்களே அதைத் ‘துன்பத் துறை’ என்றுதான் கூப்பிட்டார்கள். வடக்கே பனிக்காலம் நடக்கும் மாதத்தில் இவர்கள் கொளுத்தும் கோடையில் இறங்கினார்கள். ஓர் அறுவடைப் பருவத்தை விட்டுவிட்டு வந்தவர்கள், அடுத்த விதைப்புக்கு இன்னும் நாலைந்து மாதம் காத்திருக்கவேண்டும். முதல் கூட்டத்துக்கு அடிலெய்டு பக்கத்தில் டாரன்ஸ் ஆற்றங்கரையில் ஆங்கஸின் நிலம் கிடைத்து, அவர்கள் அதற்குப் பழைய ஊர்ப் பெயரையே வைத்து கிளெம்சிக் ஆக்கிவிட்டார்கள். ‘ஸெப்ரா’ ஜனங்களுக்கு இடம் இல்லை.

ஹான் இங்கேயே கப்பலைத் திருப்பியிருக்கலாம். ஒப்பந்தப்படி ஆளைக் கொண்டுவந்து இறக்குவதோடு அவர் பொறுப்பு தீர்ந்தது. அவர் தங்கினார். நிலச் சொந்தக்காரர்களைத் தேடி அலைந்தார். அப்போது வில்லியம் ஹாம்ப்டன் டட்டனும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும் அடிலெய்டுக்குக் கிழக்கே மலைக்கு அப்பால், மவுண்ட் பார்க்கர் பகுதியில் 4,000 ஏக்கரை 4,000 பவுண்டுக்கு எடுத்திருந்தார்கள். நிலம் இருந்தது, உழ ஆளில்லை. ஹானைக் குதிரையில் ஏற்றி இடத்தைக் காட்டினார்கள். உயரமான மரங்கள், இடுப்பளவு புல், ஓடும் தண்ணீர். சொர்க்கத்தைக் கண்டவர் மாதிரி எழுதியிருக்கிறார் அந்தத் தீவுக்காரர்.

பேரம் இப்படி முடிந்தது. 38 குடும்பங்களுக்கு 100 ஏக்கர். முதல் வருடம் குத்தகை இல்லை. விதை, கறவை மாடு, அறுவடை வரைக்கும் சாப்பாட்டுச் சாமான், எல்லாம் கடனாக. பங்கிட்டுப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்கு மூன்று ஏக்கர்கூட வரவில்லை. பக்கத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் சும்மா கிடக்க, குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர்! இன்றைக்குப் படித்தால் கோபம் வருகிறது. அன்றைக்கு அவர்கள் அதை ஆண்டவர் காட்டிய வழியாக எடுத்துக்கொண்டார்கள். பொய்யில்லை, அந்த நிமிடத்தில் வேறு யாரும் அதைவிட நல்ல பேரம் தரவில்லை. புது ஊருக்குக் கேப்டனின் பெயரையே வைத்தார்கள்: ஹான்டார்ஃப், ஹானின் கிராமம்.

பட்டியலில் நாலைந்து வரியாக இருந்த குடும்பம் இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்று பாருங்கள். கப்பல் கட்டணத்துக்கு லண்டன் வணிகருக்குக் கடன். மாட்டுக்கும் மாவுக்கும் டட்டன் கூட்டாளிகளுக்குக் கடன். அடுத்த வருடத்திலிருந்து குத்தகை. பின்னால் அந்த நிலத்தையே விலைக்கு வாங்கியபோது, டட்டன் கொடுத்ததைப் போலப் பல மடங்கு கொடுத்தார்கள். அதிலும் ஒரு முன்நிபந்தனை உண்டு. ஆங்கிலச் சட்டப்படி அந்நியன் நிலம் வைத்திருக்க முடியாது. எனவே 1839-இல் பலர் விக்டோரியா ராணிக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு ராஜாவின் பிடியிலிருந்து தப்பி வந்து இன்னொரு ராணிக்குச் சத்தியம் செய்தார்கள், நிலத்துக்காக.

முதுகில் கூடை

கடனைக் கட்ட என்ன வழி? அடிலெய்டில் காய்கறிக்கும் வெண்ணெய்க்கும் முட்டைக்கும் பஞ்சம். ஆங்கிலேயக் குடியேறிகள் பலர் நிலத்தை வாங்கி விற்பதில் குறியாக இருந்தார்கள். மண்வெட்டி பிடிக்கிறவர்கள் குறைவு. அதனால் விலை ஏறிக்கிடந்தது. ஹான்டார்ஃப் பெண்களும் வயசுப்பிள்ளைகளும் அந்தச் சந்தையைப் பிடித்தார்கள். மாட்டு வண்டி வாடகை கட்டுப்படியாகாது. நடைதான். நள்ளிரவில் கிளம்பி, முதுகில் கூடையும் கையில் பையுமாக, மலைக்காட்டு வழியாக இறங்கினால் விடியும்போது நகரத்தின் எல்லை. முப்பது கிலோமீட்டர் சுமார். மலையடிவாரத்து ஓடையில் கால் கழுவி, ஒரு துதிப்பாட்டுப் பாடி, அப்புறம் ஊருக்குள் நுழைவார்கள் என்பது வழிவழியாக வரும் கதை. விற்ற காசில் நூல், சர்க்கரை, புகையிலை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, கோயில் கட்ட ஆளுக்கு இரண்டு செங்கல் சுமந்து வந்தார்கள் என்றும் சொல்வார்கள். அந்தப் பாதையை இன்றும் ‘முன்னோடிப் பெண்களின் பாதை’ என்று குறித்து வைத்திருக்கிறார்கள்.

எனக்கு அந்தச் செங்கல் கதையைவிட ஓடையில் கால் கழுவிய கதைதான் மனதில் நிற்கிறது. ஆண்களின் பெயரால் போடப்பட்ட எல்லாக் கடன் பத்திரங்களுக்கும் காசு அந்தக் கால்களில்தான் நடந்து வந்தது. ஆண்கள் காட்டைத் திருத்தினார்கள், பக்கத்து ஆட்டுப் பண்ணைகளில் கூலிக்குப் போனார்கள். ஆட்டு மயிர் கத்தரிக்கிற வேலைக்குப் பெண்களும் போனார்கள், ஆங்கிலேயர்கள் அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டு எழுதியிருக்கிறார்கள்.

ஆங்கஸ் கதைக்கு இங்கே ஒரு திருப்பம். அவருடைய குமாஸ்தா ஃப்ளாக்ஸ்மன், ஜெர்மானியர்களோடேயே ‘பிரின்ஸ் ஜார்ஜ்’ கப்பலில் வந்து இறங்கியவர், முதலாளியைக் கேட்காமலேயே அவர் பெயரில் அடிலெய்டுக்கு வடகிழக்கே பரோஸா பள்ளத்தாக்கில் 28,000 ஏக்கரை 28,000 பவுண்டுக்கு வாங்கிப்போட்டார். கடிதம் லண்டன் போய்ச் சேரவே மாதக்கணக்காகும் காலம். செய்தி கேட்ட ஆங்கஸ் கிட்டத்தட்டத் திவாலானார். அந்த நிலத்தைக் காசாக்க அவருக்கு உழைக்கிற கைகள் வேண்டும். உழைக்கிற கைகள் ஏற்கெனவே அவருக்குக் கடன்பட்டவர்களிடம் இருந்தன. 1842-இல் பெத்தானி, அடுத்து லாங்மைல் என்று பரோஸாவில் ஜெர்மன் கிராமங்கள் முளைத்தன. ஒரே தெரு, தெருவை ஒட்டி வீடு, வீட்டுக்குப் பின்னால் ஓடை வரை நீளும் பட்டை நிலம் என்று சைலீசியாவில் இருந்த அமைப்பு அப்படியே இங்கே வந்தது. பின்னால் திராட்சையும் ஒயினும் அந்தப் பள்ளத்தாக்கை உலகப் புகழாக்கியது தனிக்கதை. குமாஸ்தா செய்த கோளாறு இல்லையென்றால் அந்த வரைபடமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

யாருடைய மண்

‘சும்மா கிடந்த நிலம்’ என்று மேலே எழுதினேன். டட்டன் பார்த்த பார்வை அது. ஹான்டார்ஃப் இருக்கும் மலைப்பகுதி பெராமங்க் மக்களுடையது. கிளெம்சிக் இருந்த சமவெளி கௌர்னா மக்களுடையது. குடியேற்றத்துக்கு பிரிட்டிஷ் அரசர் 1836-இல் கொடுத்த பட்டயத்தில், அந்த மண்ணின் மக்கள் தங்கள் நிலத்தை அனுபவிக்கும் உரிமைக்குக் குறை வரக்கூடாது என்று ஒரு வாசகம் உண்டு. வாசகத்தோடு சரி. நிலத்தை அளந்து விற்றபோது யாரும் அவர்களைக் கேட்கவில்லை. முதல் மாதங்களில் எதைத் தின்னலாம், எதைப் பிடிக்கலாம் என்று பெராமங்க் மக்கள்தான் ஜெர்மானியர்களுக்குக் காட்டிக்கொடுத்தார்கள் என்று ஹான்டார்ஃப் ஊர்க்கதைகளே சொல்கின்றன. ஒடுக்கப்பட்டு வந்தவர்கள் இன்னொருவரின் இடத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கடன் பத்திரங்களில் இந்தக் கடன் ஏறவில்லை.

இதே 1838-இல் இரண்டு இளம் லுத்தரன் மிஷனரிகள் அடிலெய்டு வந்திருந்தார்கள்: கிறிஸ்டியன் டைகல்மன், கிளாமர் ஷூர்மன். அனுப்பியது டிரெஸ்டன் நகரத்து மிஷன் சங்கம். இவர்கள் கௌர்னா மொழியைக் கற்று, அந்த மொழியிலேயே பள்ளி நடத்தினார்கள். 1840-இல் அதன் இலக்கணத்தையும் சொற்களையும் அச்சிட்டார்கள். மதம் மாற்றும் நோக்கத்தில் பெரிதாக வெற்றி கிடைக்கவில்லை. 1845-இல் அரசு பள்ளியை மூடிவிட்டது. அந்தப் புத்தகம் தங்கிவிட்டது. பேசுவோர் அற்றுப்போன கௌர்னா மொழியை அவர்களுடைய சந்ததியினர் சில பத்தாண்டுகளாக மீட்டெடுத்து வருவது பெருமளவு அந்த 1840 புத்தகத்தின் துணையோடுதான்.

அந்த டிரெஸ்டன் சங்கம் நமக்கு அந்நியமானதும் அல்ல. அதே 1840-இல் அது கார்டெஸ் என்ற மிஷனரியைத் தரங்கம்பாடிக்கு அனுப்பியது. பிறகு சங்கம் லைப்சிக் நகரத்துக்கு இடம் மாறி லைப்சிக் மிஷன் ஆனது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல்தான் திருக்குறளை ஜெர்மனிலும் லத்தீனிலும் மொழிபெயர்த்தவர். இன்றைய தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கும் வேர் அங்கேதான். ஒரே அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் கௌர்னா மண்ணுக்கும் இன்னொன்று காவிரிக் கழிமுகத்துக்கும் போன காலம் அது.

பெயர்கள்

பிரஷ்ய ராஜா 1840-இல் இறந்தார். மகன் நாலாம் பிரீட்ரிக் வில்ஹெல்ம் கெடுபிடியைத் தளர்த்தி, 1845-இல் பழைய லுத்தரன்களைத் தனிச் சபையாக ஏற்றுக்கொண்டார். கிளம்பிய காரணம் ஏழே வருடத்தில் தீர்ந்துபோயிற்று. ஆனால் கப்பல்கள் நிற்கவில்லை. அதற்குப் பின் வந்தவர்களில் மதத்துக்காக வந்தவர்கள் குறைவு. முன்னால் போன சித்தப்பாவின் கடிதம், ஊரில் நிலம் போதாமை, ஜெர்மன் நாடுகளில் 1848-இல் நடந்த புரட்சி தோற்ற கசப்பு என்று காரணங்கள் மாறிவிட்டன. வந்த இடத்தில் விசுவாசம் தன் வேலையைக் காட்டியது. 1846-இல் காவெல் பக்கத்தாரும் ஃப்ரிட்ஷே பக்கத்தாரும், கிறிஸ்துவின் ஆயிரம் வருட ஆட்சியைப் பற்றிய தர்க்கத்தில் பெத்தானி கோயிலில் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரே ராஜாவை எதிர்த்து ஒரே கடலைத் தாண்டியவர்கள்! அந்தப் பிளவிலிருந்து வளர்ந்த இரண்டு சபைகள் மறுபடி ஒன்றானது 1966-இல்.

முதல் உலகப்போர் வந்தபோது அரசு மறுபடி அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டியது. 1917-இல் தெற்கு ஆஸ்திரேலியா லுத்தரன் பள்ளிகளை மூடியது, 69 ஜெர்மன் ஊர்ப்பெயர்களை நீக்கச் சட்டம் போட்டது. ஹான்டார்ஃப் ஆம்பிள்சைட் ஆனது. ஃப்ரிட்ஷே கூட்டத்தின் லோபெத்தால் ட்வீட்வேல் ஆனது. கிளெம்சிக்குக்கு, பாலஸ்தீனத்தில் அப்போது சண்டை நடந்துகொண்டிருந்த ஊரின் பெயர் வைத்தார்கள்: காஸா. 1935-இல் இந்த மூன்று பெயர்களும் திரும்பி வந்தன.

பிராண்டன்பர்க்கின் பழைய கிளெம்சிக் 1945-இல் போலந்துக்குப் போனது. ஜெர்மானியர்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். இப்போது அது கிளெம்ப்ஸ்க். ஆக, அந்தப் பழைய பெயர் இன்று புழக்கத்தில் இருப்பது அடிலெய்டின் ஒரு புறநகரில்தான். அங்கே அந்தப் பெயரில் ஒரு பேருந்து நிலையம் இருக்கிறது. 1986-இல் திறந்த ‘ஓ-பான்’ தடத்தில், கான்கிரீட் வழியைப் பிடித்துக்கொண்டு பேருந்துகள் வந்து நின்று போகின்றன. அந்தத் தட முறையும் ஜெர்மனியிலிருந்து வாங்கியதுதான்.